பலகையில் எண்ணிக்கை இருக்கிறது, பெயர்களைத் தேடுவோம்: கடல் கடந்து மாண்ட நம்மூர்ப் படைவீரர்கள்

கல்வெட்டுப்பித்தன்:

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. அவ்வளவுதான். அந்த 14 பேர் யார், யார் வீட்டுப் பிள்ளைகள், எந்த நாட்டில் விழுந்தார்கள், ஒரு வார்த்தை கிடையாது. திருச்சி காந்தி மார்க்கெட் அருகிலும் இப்படி ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. இன்னும் எத்தனையோ ஊர்களில் பொதுக்கட்டடச் சுவர்களில் இதே அச்சில் வாசகம் பதித்த பலகைகள் இருக்கின்றன. ஊர்ப் பெயரும் இரண்டு எண்களும் மட்டும் மாறும்.

செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இது உறுத்தும். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. மாட்டுமந்தையை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக்கூட எந்த அரசனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், பெயர் என்ன, எந்தச் சண்டையில் பட்டான் என்று எழுதி 'கல்' என்று முடிப்பார்கள். அந்தக் கல்லை நட்ட ஊர்களிடம் அச்சு எந்திரமோ அலுவலகமோ கிடையாது. சம்பளப் பட்டியலும் ஆள்சேர்ப்புப் பதிவேடும் கையில் வைத்திருந்த ஒரு சாம்ராஜ்யம், 14 என்ற எண்ணோடு நிறுத்திக்கொண்டது.

முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாடு போனார்கள், சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. இரண்டாம் போரில் சுமார் 87,000 பேர். பஞ்சாப் அளவுக்கு நம் பக்கத்து ஆட்கள் இல்லை, உண்மைதான். வெள்ளைக்கார அதிகாரிகள் தெற்கத்தியர்களுக்குப் போர்க்குணம் போதாது என்று முடிவுகட்டி ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தார்கள். போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் அந்தக் கொள்கை தளர்ந்தது. அப்போது போனவர்கள் வாழ்ந்த தெருக்கள் இன்றும் இருக்கின்றன, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். எண்ணிக்கை மட்டும் உள்ள பலகைகளுக்குப் பெயர்களைக் கண்டுபிடிப்போம். உங்கள் ஊரில் பலகை இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். வீட்டில் பேச்சுவழக்கில் ஏதாவது வந்திருந்தால் எழுதுங்கள்.

பொருநைக்கரை:

அண்ணே, எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்று. பாளையங்கோட்டை என்ற பெயரை ஒரு ரெஜிமெண்டே சுமந்திருக்கிறது: 63வது பாளம்கோட்டா லைட் இன்பன்ட்ரி. எங்கள் ஊரில் கேட்டால் பத்தில் ஒருவருக்கும் தெரியாது. சிப்பாய்கள் எல்லோரும் பாளையங்கோட்டைக்காரர்கள் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் எடுக்கப்பட்டவர்கள்.

இவர்களை 1914 நவம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா துறைமுகத்தில் இறக்கினார்கள். இன்றைய தான்சானியா, அப்போது ஜெர்மன் வசம். மெட்ராஸ் படையைச் சேர்ந்த 61வது பயனியர் படையும் கூட இருந்தது. கப்பல் கூட்டத்தில் நாள்கணக்காக வாந்தியும் மயக்கமுமாக அடைபட்டுக் கிடந்தவர்களை, நிலத்தில் கால் ஊன்றி நிதானிக்கவே நேரம் தராமல் புதருக்குள்ளும் தோட்டங்களுக்குள்ளும் முன்னேறச் சொன்னார்கள். எதிரே இயந்திரத் துப்பாக்கிகள். போதாததற்கு, குண்டுச் சத்தத்தில் கலைந்த தேனீக்கள் வேறு. ஏறக்குறைய 8,000 பேர் கொண்ட படை, ஆயிரம் பேர் அளவிலான ஜெர்மன் தரப்பிடம் தோற்று, துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் கரையிலேயே விட்டுவிட்டு நவம்பர் 5ஆம் தேதி கப்பல் ஏறியது.

பிறகு எழுதியவர்கள் பழியைத் தூக்கிச் சிப்பாய் தலையில் வைத்தார்கள். 63வது படை சிதறி ஓடியது என்று பல நூல்களில் இருக்கும். சிதறியது உண்மை. ஆனால் உளவு பார்க்காமல் இறக்கிய தளபதி யார், தாக்கப்போகிறோம் என்று எதிரிக்கு முன்கூட்டியே தெரியும்படி கப்பலை நிறுத்திவைத்துப் பேச்சுவார்த்தை நடத்தியது யார்? அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். அங்கே செத்தவனுக்கு மரணத்தோடு கோழைப் பட்டமும் கிடைத்தது. அவனை நினைக்க ஊரில் யாரும் முன்வராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

எதிர்க்கேள்வி:

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். இவர்கள் யாருக்காகச் செத்தார்கள்? வெள்ளைக்காரன் சம்பளம் கொடுத்தான், வெள்ளைக்காரன் சொன்ன இடத்தில் சுட்டார்கள். மெசபடோமியாவிலும் (இன்றைய இராக்) ஆப்பிரிக்காவிலும் இவர்கள் போய் நின்றது இன்னொரு நாட்டான் மண்ணில். 1919இல் ஜாலியன்வாலா பாகில் துப்பாக்கி பிடித்த கைகளும் இந்திய ராணுவத்தின் கைகள்தான். இங்கே வ.உ.சி. செக்கிழுத்துக்கொண்டிருந்த காலத்தை ஒட்டி அங்கே சாம்ராஜ்யத்துக்குக் காவல் நின்றவர்களை நாம் ஏன் தூக்கிப்பிடிக்க வேண்டும்? பெயர் தேடுவது ஆராய்ச்சி என்றால் சரி. மாலை போடுவது என்றால் எனக்கு உடன்பாடில்லை.

ஓய்வுபெற்ற சாப்பர்:

தம்பி, உங்கள் கேள்வியில் கோபப்பட ஒன்றுமில்லை. பெங்களூர் எம்.இ.ஜி.யில், அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில், இருந்தவன் நான். எங்களை இன்றும் 'தம்பி' என்றுதான் ராணுவம் முழுக்கக் கூப்பிடும், எந்த மாநிலத்து அதிகாரி வந்தாலும் அதே சொல்தான்.

யாருக்காகச் செத்தான் என்று கேட்டீர்கள். காஞ்சிபுரத்துக்கு அருகே கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் கதையைச் சொல்கிறேன். 11வது பீல்டு பார்க் கம்பெனி, மெட்ராஸ் சாப்பர்ஸ். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞானோ பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை. ஒரு வெடி கிளம்பிவிட்டது, வெடிக்கச் சில நொடிதான் பாக்கி. அவர் அதன்மேல் பாய்ந்து உடம்பால் மூடினார். கூட நின்றவர்கள் பிழைத்தார்கள், அவர் போய்விட்டார். மரணத்துக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீரப்பதக்கம் கொடுத்தார்கள். அந்த நொடியில் அவர் மனதில் பிரிட்டிஷ் மன்னர் இருந்திருப்பாரா? பக்கத்தில் நின்ற ஆட்கள் இருந்திருப்பார்கள். படையில் இருந்தவனுக்கு அது தெரியும்.

சாப்பர் வேலை என்ன என்று வெளியில் தெரிவதில்லை. பாலம் கட்டுவது, ரோடு போடுவது, தண்ணீருக்கு வழிசெய்வது, கண்ணி எடுப்பது. காலாட்படை வருவதற்கு முன்னால் போக வேண்டும், பின்வாங்கும்போது கடைசியில் வர வேண்டும். முதல் போரில் மெசபடோமியாவிலும் எங்கள் கம்பெனிகள் இருந்தன. அங்கே குண்டுக்குப் பயந்தவர்களைவிட வெயிலுக்கும் காலராவுக்கும் பயந்தவர்கள் அதிகம்.

ஏன் சேர்ந்தான் என்றால், பசி. நிலம் கிடையாது, பண்ணையில் வேலை செய்தால் கூலி சரியாக வராது. மாதச் சம்பளம், பூட்ஸ், பென்ஷன் என்றால் போவான். இன்றும் எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றுதான் சொல்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு ஒருவர் பட்டாளம். அவர்களைப் போய்ச் சாம்ராஜ்யத்தின் காவல்காரர்கள் என்று ஒரே வரியில் முடிக்க முடியாது தம்பி.

பாலாறு:

சாப்பர் ஐயா சொன்ன பசிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மெட்ராஸ் படைகளிலும் சாப்பர்களிலும் பறையர், கிறிஸ்தவர், முஸ்லிம் ஆட்கள் கணிசமாக இருந்தார்கள். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கவிடாத காலத்தில் பூட்ஸும் சீருடையும் போட்டுக்கொண்டு விடுப்பில் வந்த ஆளைப் பார்த்து ஊர் என்ன செய்வதென்று திகைத்திருக்கும். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி அப்படிப் போனவர். அவர் சீருடையோடு வந்த கதையைத்தான் எங்கள் பாட்டி திரும்பத் திரும்பச் சொல்வார், செத்த கதையை ஒரு வரியில் முடித்துவிடுவார்: "பஸ்ராவுக்குப் போனாரு, வரல."

வீட்டில் வெண்கலத்தில் ஒரு வட்டத் தட்டு இருந்தது. உள்ளங்கையைவிடப் பெரிது. ஒரு பெண்ணுருவம், சிங்கம், ஆங்கில எழுத்து. முதல் போரில் செத்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு அனுப்பிய நினைவுத்தட்டு அது என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதற்குள் ஒரு கஷ்ட காலத்தில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். அதில் பெயர் இருந்திருக்கும். பதவி போடாமல் வெறும் பெயரை மட்டும் பதிப்பது அந்தத் தட்டின் வழக்கம், ஜெனரல் ஆனாலும் சிப்பாய் ஆனாலும் ஒன்றுதான்.

இதைப் படிக்கிறவர்கள் யார் வீட்டிலாவது அந்த மாதிரி வட்டத்தட்டு இருந்தால் தயவுசெய்து விற்காதீர்கள். படம் எடுத்து வையுங்கள். பழைய பென்ஷன் காகிதம், பதக்கம் எதுவாக இருந்தாலும் சரி. பதக்கத்தின் விளிம்பில் நம்பரும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

எதிர்க்கேள்வி தம்பிக்கு: எங்கள் வீட்டில் யாரும் சாம்ராஜ்யத்துக்கு மாலை போடவில்லை. அவருக்கு எந்த ஊரில் மண் கிடைத்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறோம்.

கல்வெட்டுப்பித்தன்:

பாலாறு அக்கா, பஸ்ரா என்று எழுதியதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் போர்க்கல்லறை ஆணையம் 1917இல் தொடங்கியபோது அறிவித்த கொள்கை, செத்தவர்களுக்குள் பதவி, இனம், மதம் என்ற வேறுபாடு கிடையாது என்பது. பிரான்ஸில் நவ் ஷாபெல் என்ற இடத்தில் இந்தியர்களுக்காகவே எழுப்பி 1927இல் திறந்த நினைவுச்சின்னத்தில் 4,700க்கு மேற்பட்ட பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் நெஞ்சு நிறையும். அதே ஆணையம் பஸ்ராவில் என்ன செய்தது? பிரிட்டிஷ்காரர் எல்லோருக்கும் பெயர், இந்திய அதிகாரிகளுக்குப் பெயர், சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு அவர்கள் படைப்பிரிவின் கீழ் எண்ணிக்கை மட்டும். நம் மணிக்கூண்டுப் பலகையின் பெரிய அண்ணன் அது. ஐரோப்பாவில் பார்க்க ஆள் வருவார்கள், அதனால் பெயர். மெசபடோமியாவில் யார் வரப்போகிறார்கள் என்ற எண்ணம்தான், வேறென்ன.

இது என் சொந்தக் குற்றச்சாட்டு அல்ல. ஆணையமே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் என்று 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை அல்லது நினைவுகூரப்படாமலே போயிருக்கலாம். மன்னிப்பும் கேட்டார்கள்.

கல்லில் இல்லை என்றாலும் பெயர்கள் பெருமளவுக்குப் பதிவேட்டில் இருக்கின்றன. ஆணையத்தின் (CWGC) இணையத்தளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். பல இந்தியச் சிப்பாய்களின் பதிவில் கூடுதல் தகவல் என்று ஒரு வரி இருக்கும். இன்னாருடைய மகன், இன்ன கிராமம், இன்ன தாலுகா, வட ஆற்காடு, மெட்ராஸ் என்று. அந்த ஒரு வரிதான் நமக்குப் பொக்கிஷம்.

தேடும்போது ஆள் பெயரில் தொடங்காதீர்கள். முனுசாமியை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். படைப்பிரிவை வைத்துத் தேடுங்கள்: மெட்ராஸ் சாப்பர்ஸ், கர்நாடிக் இன்பன்ட்ரி, வாலாஜாபாத் லைட் இன்பன்ட்ரி, பாளம்கோட்டா. வந்த பட்டியலைக் கோப்பாக இறக்கிக்கொண்டு அதற்குள் தாலுகா பெயரைப் பழைய ஆங்கில எழுத்தில் தேடுங்கள். செங்கல்பட்டு, வந்தவாசி, தஞ்சாவூர் எல்லாமே அந்தக் காலத்து எழுத்தில் வேறு மாதிரி இருக்கும். சுமை தூக்கியவர்கள், சமையற்காரர், குதிரை பார்த்தவர், ஆஸ்பத்திரி வேலைக்காரர் எல்லோரும் தொழிலாளர் படைகளின் கீழ் வருவார்கள், அவர்களை விட்டுவிடக்கூடாது.

பினாங்கு வாசகன்:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எதிர்க்கேள்வி நண்பர் கேட்டது எங்கள் வீடுகளில் வேறு விதமாகக் கேட்கப்பட்ட கேள்வி. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து பேரர் பார்க் மைதானத்தில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதி இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தது, இன்னொரு பகுதி சேர மறுத்துக் கைதிகளாகவே இருந்தது. மறுத்தவர்களில் பலரை நியூகினி, ரபவுல் பக்கம் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள், பட்டினியிலும் நோயிலும் அங்கேயே செத்தார்கள். பாப்புவா நியூகினியில் லேயிலும் ரபவுலிலும் உள்ள போர்க்கல்லறைகளில் இந்தியப் பெயர்களைப் பார்க்கலாம். ஒரே கம்பெனி, ஒரே ஊர், ஒரு நாள் முடிவில் இரண்டு பக்கம். இதில் யாரை விட்டுவிடுவது?

நேதாஜியின் படையில் எங்கள் தோட்டத்துத் தமிழர்களும் திரளாகச் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படையில் நின்ற பெண்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். அந்தப் படையின் நினைவாக சிங்கப்பூர் கடற்கரையில் 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டி ஒரு சின்னம் எழுப்பினார்கள். திரும்பி வந்த பிரிட்டிஷார் முதல் வேலையாக அதை இடித்தார்கள். இன்று அந்த இடத்தில் ஒரு குறிப்புப் பலகை நிற்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சிப்பாய் இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். போர்க்காலத்தில் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை. காஞ்சனபுரி கல்லறையில் கைதிகளாகச் செத்த வெள்ளைக்கார வீரர்களுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள், அநேகமாக எல்லாவற்றுக்கும் பெயர், தினமும் புல் வெட்டுகிறார்கள். அதே பாதையில் செத்த ஆசியத் தொழிலாளர்கள் இதைப்போலப் பல மடங்கு. அவர்களில் எங்கள் தமிழர்கள் ஏராளம். அவர்களுக்குப் பட்டியல் எங்கே?

கொக்குவில் மகள்:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்தே வாசிக்கிறன். எழுதலாமா விடலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறன். கடல் கடந்து செத்த இந்தியப் படையினர் என்றால் எங்களுக்கு நினைவு வாறது 1987. அமைதிப்படை என்று வந்தார்கள், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் எங்கட மண்ணில் செத்தார்கள். கொழும்பிலயும் பலாலியிலயும் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கு. அதே ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள அவர்களால் சுடப்பட்ட டொக்டர்களையும் தாதிமாரையும் நோயாளர்களையும் எங்களால் மறக்க ஏலாது. உங்கட பட்டியலில் அந்தப் படையும் வருமா?

வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. புலிகளின் கல்லறைகள் இருந்த கோப்பாய் துயிலுமில்லத்தை உழுது தள்ளிப்போட்டு அதன் மேல இராணுவத் தலைமையகம் கட்டின ஊரிலிருந்து கதைக்கிறன். மகனின் பெயர் இருந்த கல்லைத் தேடி ஒரு தாய் வேலிக்கு வெளியில் நிற்கிறது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். அதனால் எந்தத் தாயின் பிள்ளையின் பெயரையும் அழி என்று என் வாயால வராது. ஆனால் பெயரை எழுதேக்க, அந்தப் படை அங்க என்ன செய்தது என்றதையும் எழுதுங்கோ.

எதிர்க்கேள்வி:

அக்கா சொன்னதைத்தான் நானும் வேறு வார்த்தையில் கேட்டேன். என் நிலைப்பாடு மாறவில்லை. 'வீரமரணம்', 'தாய்நாட்டுக்காக' என்ற சொற்களை 1915இல் பஸ்ராவில் காலராவில் செத்த ஒருவர் மீது ஒட்டினால் அது அவருக்கே செய்யும் அநியாயம். ஆனால் பாலாறு அக்காவின் வரியைப் படித்த பிறகு தேடக்கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. பட்டியல் போடுவதானால் பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றோடு எந்தப் படை, எந்தச் சண்டை, எதிரே இருந்தது யார், எதனால் மரணம் என்று பத்திகள் இருக்கட்டும். நோய் என்றால் நோய் என்றே எழுத வேண்டும். அப்படியானால் நானும் உழைக்கிறேன்.

பொருநைக்கரை:

இதை ஆதரிக்கிறேன். டாங்காவில் செத்தவருக்கும் அதுதான் நியாயம். ஓடினார் என்றும் வேண்டாம், வீரமாக நின்றார் என்றும் வேண்டாம். எந்த நிலையில் இறக்கிவிடப்பட்டார் என்று எழுதினால் போதும்.

ஓய்வுபெற்ற சாப்பர்:

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. நந்தம்பாக்கத்தில் மெட்ராஸ் போர்க்கல்லறை இருக்கிறது. தென்னிந்தியாவிலும் கிழக்குப் பகுதியிலும் அங்கங்கே கிடந்த இரண்டாம் போர்க் கல்லறைகளைக் கொண்டுவந்து சேர்த்து 1952இல் அமைத்தது. எண்ணூறுக்கு மேற்பட்ட கல்லறைகள், வரிசை பிசகாமல், பூச்செடியோடு. அங்கே பெரும்பாலும் பிற நாட்டார் படுத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பத்தொன்பது இருபது வயது போட்ட கற்கள் அங்கே நிறைய. நம் மண்ணில் அவர்களை இப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்றால், அவர்கள் மண்ணில் நம்மவர் பெயரைக் கேட்க நமக்கு முழு உரிமை இருக்கிறது.

டில்லி இந்தியா கேட்டில் 13,000க்கு மேல் பெயர்கள் உண்டு, அதையும் தேடலில் சேர்க்க வேண்டும். 2019இல் திறந்த தேசியப் போர் நினைவிடம் சுதந்திரத்துக்குப் பிந்தைய மரணங்களுக்கு மட்டும், 25,000க்கு மேல் பெயர்கள். அமைதிப்படையில் செத்தவர்கள் அங்கே வருவார்கள்.

கல்வெட்டுப்பித்தன்:

எல்லோருக்கும் நன்றி. கொக்குவில் சகோதரி, அமைதிப்படையும் பட்டியலில் வரும், நீங்கள் சொன்ன விதத்திலேயே வரும். ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதாமல் அந்தப் பக்கத்தை வெளியிட மாட்டேன். பினாங்கு நண்பரே, ரயில் பாதைத் தொழிலாளர்களுக்குத் தனி இழை திறக்கலாம், அதை நீங்களே நடத்தினால்தான் சரியாக இருக்கும். மலேசியாவில் வயதானவர்கள் இன்னும் இருக்கும்போதே குரலைப் பதிவுசெய்து வைக்க வேண்டியது முதல் வேலை.

பஞ்சாபியர்கள் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். லாகூர் அருங்காட்சியகத்தில் 97 வருடம் தூங்கிக்கொண்டிருந்த ஆள்சேர்ப்புப் பதிவேடுகளை 2021 வாக்கில் எண்மமாக்கத் தொடங்கினார்கள். 3,20,000 பேரின் விவரம், ஊர்வாரியாக. நமக்கு அப்படி ஒரு கட்டு கிடைக்கும்வரை தாலுகா தாலுகாவாகக் கையால்தான் செய்ய வேண்டும். கிடைக்கும் பெயர்களைப் பழைய பலகையைத் தொடாமல் அதன் பக்கத்தில் தமிழில் தனிப் பலகையாக வைக்க ஊராட்சிகளிடம் கேட்கலாம். பழைய பலகை அப்படியே இருக்கட்டும். எண் மட்டும் போட்டார்கள் என்பதும் வரலாறுதான்.

வேலூரின் 14 பேரை நான் எடுத்துக்கொள்கிறேன். மற்ற தாலுகாக்களை யார் யார் எடுக்கிறீர்கள்?

பாலாறு:

வாலாஜா, ஆற்காடு இரண்டும் நான். பஸ்ரா பட்டியலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பொருநைக்கரை:

63வது படைப்பட்டியல் முழுவதும் என்னிடம் விட்டுவிடுங்கள் அண்ணே. எந்த மாவட்டத்துக்காரர் வந்தாலும் பிரித்து உங்களுக்கு அனுப்புகிறேன்.

எதிர்க்கேள்வி:

வந்தவாசி, செய்யாறு எனக்கு. பத்திகள் போட்ட விரிதாள் ஒன்றை இன்று இரவு பகிர்கிறேன். மரணக் காரணம் தெரியாத இடத்தில் காலியாக விடுங்கள், யாரும் ஊகித்து நிரப்ப வேண்டாம்.